25ஆம் பிரிவும் எங்கள் கேட்டோ மேனர் வீடும்: நீதிமன்றம் யார் பக்கம்?

மாமரத்தடி (சாட்ஸ்வொர்த்) | செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் பள்ளியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். சட்டம் படித்தவள் இல்லை. ரொம்ப நாளாக மனதை அறுக்கும் ஒரு கேள்வியைத் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் தாத்தாவுக்குக் கேட்டோ மேனரில் கொஞ்சம் நிலமும் ஒரு தகர வீடும் இருந்தன. கீரை, மிளகாய், அவரை போட்டு, விடியுமுன் கூடையோடு டர்பன் சந்தைக்குப் போய்விடுவார். 1958இல் நிறவெறி அரசு அந்தப் பகுதியை வெள்ளையருக்கு என்று அறிவித்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து எங்கள் முறை வந்தது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. லாரியில் அம்மியை ஏற்ற இடமில்லை என்று சொன்னார்களாம். பாட்டி குழவியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார். அந்தக் குழவி இன்னும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. அம்மி கேட்டோ மேனரிலேயே போய்விட்டது.

அப்படிப் பறிபோன நிலத்தை மீட்க மனுப் போடக் கடைசி நாள் 1998 டிசம்பர் 31. அப்போது தாத்தா இல்லை, பாட்டி படுத்த படுக்கை. வீட்டில் யாருக்கும் விவரம் தெரியவில்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தி மறுபடி வாய்ப்புக் கொடுத்தார்கள். மாமா 2015இல் மனுப் போட்டார். 2016 ஜூலையில் அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் திருத்தச் சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டது. எங்கள் மனு அப்படியே கிடக்கிறது. அப்புறம், ஈட்டுத்தொகை இல்லாமலும் நிலத்தை எடுக்கலாம் என்று, அரசமைப்பின் சொத்துரிமைப் பிரிவான 25ஆம் பிரிவையே திருத்தப்போகிறோம் என்று பெரிதாகப் பேசினார்கள். 2021இல் அதுவும் தோற்றது.

என் கேள்வி இதுதான். அரசமைப்பு எங்கள் உரிமையைக் காக்கத்தானே இருக்கிறது? எங்களுக்கு நல்லது செய்த சட்டத்தை அதே அரசமைப்பின் பெயரால் தள்ளினால், அது யாரைக் காக்கிறது?

மிட்ராண்ட் மதுரைக்காரன் | செவ்வாய், இரவு 9.15

அக்கா, உங்கள் கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் இந்தியாவிலிருந்து வந்தவன். அங்கே சொத்துரிமை அடிப்படை உரிமையாகவே இருந்தது. நிலச் சீர்திருத்தத்துக்கு அது தடையாக நிற்கிறது என்று திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டார்கள். கடைசியில் 1978இல் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்தே எடுத்துவிட்டது. இப்போது அது அடிப்படை உரிமை இல்லை, 300ஏ என்ற பிரிவு தரும் உரிமை மட்டும். ஆனால் திருத்தும் அதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7க்கு 6 என்ற கணக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் கலைக்க முடியாது என்றார்கள். அந்த வழக்கே கேரளத்தில் ஒரு மடத்து நிலத்தில் தொடங்கியதுதான்.

இங்கே அப்படி ஓர் எல்லை உண்டா? இல்லை மூன்றில் இரண்டு பங்கு ஆள் சேர்ந்தால் எதையும் மாற்றலாமா?

பழைய குமாஸ்தா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) | செவ்வாய், இரவு 10.50

தம்பி, நான் 31 வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்புத் தூக்கியவன். எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே திருத்தத்துக்கு 74ஆம் பிரிவு. அதில் மூன்று வகைப் பூட்டு இருக்கிறது. மனித மாண்பு, சமத்துவம், சட்டத்தின் மேலாட்சி இவற்றைச் சொல்கிற முதல் பிரிவைத் தொட வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவையில் 75 விழுக்காடு வேண்டும். 25ஆம் பிரிவும் அடங்கிய உரிமைகள் சாசனத்தைத் தொட மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 400 பேரில் 267 பேர். இந்த இரண்டுக்கும் மேலே ஒன்பது மாகாணங்களில் ஆறு மாகாணம் சம்மதிக்க வேண்டும். மற்ற பிரிவுகளுக்கும் பேரவையில் அதே 267தான், ஆனால் மாகாணங்கள் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால்தான் அந்த ஆறு மாகாணக் கணக்கு வரும். மசோதாவை அறிமுகப்படுத்துவதற்கு 30 நாள் முன்பே அரசிதழில் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அறிமுகப்படுத்திய பிறகும் 30 நாள் கழியாமல் வாக்கெடுப்பு வைக்க முடியாது. ஒரு திருத்தம் செல்லுமா செல்லாதா என்று சொல்லும் அதிகாரம் அரசமைப்பு நீதிமன்றம் ஒன்றுக்குத்தான் உண்டு, வேறு எந்த நீதிமன்றத்துக்கும் கிடையாது. இந்தியாவின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை வைத்து இங்கே இதுவரை ஒரு திருத்தமும் விழுந்ததில்லை.

இத்தனை பூட்டு எதற்கு? எங்கள் தலைமுறைக்கு அது பாடப்புத்தக விஷயம் இல்லை.

1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இரண்டே விஷயங்களுக்குத்தான் கெட்டியான பாதுகாப்பு இருந்தது. ஒன்று, ஆங்கிலமும் டச்சும் சமம் என்பது. மற்றொன்று, கேப் மாகாணத்தில் நிறம் பாராமல் இருந்த வாக்குரிமை. அதை எடுக்க வேண்டுமானால் இரண்டு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்களிக்க வேண்டும். 1936இல் அந்த முறைப்படியே ஆப்பிரிக்கர்களைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். முறை சரி, செய்தது அநியாயம். 1951இல் கலப்பினத்தவரின் வாக்கை எடுக்க வந்தபோது அரசிடம் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. சாதாரணப் பெரும்பான்மையிலேயே சட்டத்தைப் போட்டார்கள். 1952இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் செல்லாது என்றார்கள். உடனே அரசு, நாடாளுமன்றமே ஓர் உயர்நீதிமன்றம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது! அதையும் நீதிபதிகள் தள்ளினார்கள்.

1955இல் என்ன செய்தார்கள் தெரியுமா? மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஐந்து பேர் இருந்த இடத்தில் பதினொரு பேர். மேலவையான செனட்டில் 48 பேர் இருந்த இடத்தில் 89 பேர், பெரும்பாலும் தங்கள் ஆட்கள். 1956இல் மூன்றில் இரண்டு பங்கு தன்னால் கைக்கு வந்துவிட்டது. பிறகு நீதிமன்றமும் செல்லும் என்றது. பதினொரு பேரில் ஷ்ரைனர் என்ற ஒரே ஒரு நீதிபதிதான் மாறாக எழுதினார்.

அம்மா மாமரத்தடி, உங்கள் தாத்தா வீட்டைப் பறித்த அரசும் அதே அரசுதான், ஏறக்குறைய அதே ஆண்டுகளில். எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று ஊரைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டம் 1950இல் வந்தது. அதைத் தடுக்க அன்று உரிமைகள் சாசனம் என்று ஒரு காகிதமும் கிடையாது. வீட்டை எடுப்பதற்கு அவர்கள் செனட்டைப் பெருக்கக்கூடத் தேவைப்படவில்லை. சாதாரணப் பெரும்பான்மையே போதுமாக இருந்தது.

லெனேசியாக்காரன் | புதன், காலை 6.30

குமாஸ்தா ஐயா சொன்ன சரித்திரம் எல்லாம் சரி. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பறிக்கும்போது பூட்டு இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் மூன்று பூட்டு. எங்கள் குடும்பத்துக்கு ஜோகன்னஸ்பர்க் ஃபீட்டாஸில் 14ஆம் தெருவில் துணிக்கடை இருந்தது. அதை இடித்தபோது 267 பேர் சம்மதம் கேட்டார்களா? 30 நாள் அரசிதழில் போட்டார்களா?

2021 டிசம்பர் 7ஆம் தேதி 25ஆம் பிரிவுத் திருத்தத்துக்கு ஆதரவு 204, எதிர்ப்பு 145. பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் தோற்றது. பூட்டு காப்பது கையில் வைத்திருப்பவனைத்தான். கையில் ஒன்றுமில்லாதவனுக்குப் பூட்டால் என்ன பிரயோஜனம்?

பீனிக்ஸ் அக்கா | புதன், காலை 7.05

தம்பி லெனேசியா, கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் கையில் ஒன்றுமில்லாதவருக்கும் அந்தச் சாசனம் வேலை செய்து நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூக்குத்தி வழக்கு ஞாபகம் இருக்கிறதா? டர்பனில் ஒரு பெண்கள் பள்ளி. நம் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி 2004 விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். சீருடை விதிப்படி கூடாது, கழற்று என்றார்கள். அவளுடைய அம்மா பள்ளிக்குக் கடிதம் எழுதினார். வயதுக்கு வந்ததும் மூக்குத்தி போடுவது எங்கள் வழக்கம், பதினாறாவது பிறந்த நாளில் பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவார் என்று விளக்கமாக எழுதியிருந்தார். பள்ளி ஒப்பவில்லை. சமத்துவ நீதிமன்றத்தில் தோற்றார்கள், உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 2007 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் வரை போய் வழக்கு முடிந்தது. தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பு. அதற்குள் அந்தப் பெண் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்தது என்னவென்றால், மூக்குத்தி கட்டாயமான மதச் சடங்கு இல்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கட்டாயம் இல்லாவிட்டாலும் தானாக விரும்பிக் கடைப்பிடிக்கிற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. நம் வீட்டுப் பாட்டிமார் செய்கிற காரியத்தில் பாதி அப்படித்தானே!

இன்னொன்று. இந்து முறையில் தாலி கட்டி, அரசில் பதிவு செய்யாத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை என்று வெகு காலம் இருந்தது. 1913இல் சேர்ல் என்ற நீதிபதி கொடுத்த தீர்ப்புதான் நம் பெண்களையே சத்தியாகிரகத்துக்கு இழுத்தது. சிறைக்குப் போய் வந்து 1914 பிப்ரவரியில் உயிரை விட்ட வள்ளியம்மை நம் பிள்ளை. கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அப்படிப்பட்ட விதவைக்கு ஒன்றும் கிடைக்காது என்ற நிலை அதற்கப்புறமும் எத்தனையோ பேரைப் பாதித்தது. என் சின்னம்மாவே அந்தப் பயத்தில் இருந்தவர். 2008இல் டர்பன் உயர்நீதிமன்றம், அவளும் மனைவிதான், சொத்தில் பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. இதற்கு ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சமத்துவப் பிரிவே போதுமாக இருந்தது.

நல்லூரான் (கேப் டவுன்) | புதன், மதியம் 1.20

நான் யாழ்ப்பாணத்து ஆள். இப்ப நீங்கள் கதைக்கிற விஷயம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் கதைச்சுக் கதைச்சு வளர்ந்த விஷயம்.

இலங்கையின் பழைய சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கேட்க எவ்வளவு நல்லது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது, மலையகத் தமிழரின் வாக்கு போனது. 29ஆம் பிரிவை வைத்து, அப்போது எங்களுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 1953இல் அது எந்தச் சமூகத்தையும் குறிவைத்த சட்டம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். சட்டத்தின் எழுத்தில் சமூகத்தின் பெயரில்லை, அதனால்.

பிறகு 1964இல் அதே பிரிவி கவுன்சில் வேறொரு வழக்கில், 29ஆம் பிரிவில் உள்ள அந்தப் பாதுகாப்பு மாற்ற முடியாதது என்று சொன்னது. எட்டு வருடம்தான். 1972இல் அதைத் திருத்தவில்லை, முழு அரசியலமைப்பையும் தூக்கிப்போட்டுவிட்டு அரசியல் நிர்ணய சபை என்று கூடிப் புதிதாக ஒன்று எழுதினார்கள். அதில் 29 இல்லை.

அதனால் மதுரைக்காரன் கேட்ட கேள்விக்கு என்னுடைய பதில்: எல்லை எழுத்தில் இருந்தாலும் போதாது. அதைக் கேட்க ஆள் வேண்டும், கேட்டால் தீர்ப்புச் சொல்லும் துணிவு அந்த நாட்டு நீதிபதிக்கே வேண்டும். இங்கே இரண்டும் கொஞ்சம் இருக்குது என்பதுதான் நான் கண்ட வித்தியாசம்.

மாமரத்தடி | புதன், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. மூக்குத்தி வழக்கை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அரசமைப்பின் ஆறாம் பிரிவில் தமிழின் பெயரும் இருக்கிறது என்று சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். அலுவல் மொழி இல்லைதான், ஆனாலும் இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது இவற்றோடு சேர்த்து மதிக்கப்பட வேண்டிய மொழி என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. குமாஸ்தா ஐயா, 2014 சட்டம் யார் உரிமையையும் பறிக்கவில்லையே? கொடுக்கத்தானே வந்தது? அதை ஏன் தள்ள வேண்டும்? மாமாவுக்கு இப்போது 81 வயது. அலுவலகத்துக்குப் போன் செய்தால் 'வரிசையில் இருக்கிறது' என்ற ஒரே பதில். ஒருமுறை ஒரு பெண் பெயரைக்கூடச் சரியாகக் கேட்காமல் போனை வைத்துவிட்டாள். அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பழைய குமாஸ்தா | புதன், இரவு 11.35

அம்மா, நேற்றே இதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சரித்திரம் பேசிக் காலத்தைக் கழித்துவிட்டேன், மன்னியுங்கள்.

2014 சட்டம் அந்த ஆண்டுத் தேர்தலுக்கு முன் எப்படியாவது முடிக்க வேண்டும் என்று அவசரத்தில் வந்தது. நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் தேசிய மன்றத்தில் அதற்கு முழுசாக ஒரு மாதம்கூடக் கொடுக்கவில்லை. மாகாணங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டதாகச் சொன்ன கூட்டங்களுக்குப் பல இடங்களில் அறிவிப்பே போதுமான நாள் முன்னால் போகவில்லை. வழக்குப் போட்டது யார் தெரியுமா? பண்ணை முதலாளிகள் இல்லை. 1998க்குள்ளேயே மனுப் போட்ட கறுப்பினச் சமூகங்களும் அவர்களுக்காக நிற்கிற நில உரிமை அமைப்புகளும். பதினெட்டு வருடம் காத்திருந்தும் நிலம் கைக்கு வராதவர்கள் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். அதே நிலத்துக்குப் புது மனு வந்தால் தங்கள் மனு என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள். எங்களைக் கேட்காமல் எப்படிச் சட்டம் போட்டீர்கள் என்றும் கேட்டார்கள். நீதிமன்றம் அந்தக் கேள்வியை ஏற்றது.

உங்களுக்குப் பாதகமாகப் போய்விட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தவர்களும் உங்கள் தாத்தா மாதிரி லாரியில் ஏற்றப்பட்டவர்கள்தான்.

இந்த 'மக்களைக் கேட்டாயா' என்ற கேள்வி அரசமைப்புத் திருத்தத்தையே விழ வைத்திருக்கிறது. 2005இல் 12ஆவது திருத்தம் மட்டட்டியேல் என்ற ஊரை நம் க்வாசூலு நட்டால் மாகாணத்திலிருந்து எடுத்து கிழக்கு கேப் மாகாணத்தோடு சேர்த்தது. நாடாளுமன்றத்தில் வேண்டிய வாக்கு எல்லாம் சரியாகக் கிடைத்திருந்தது. ஆனால் நம் மாகாணச் சட்டமன்றம் அந்த ஊர் மக்களைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. 2006 ஆகஸ்டில் நீதிமன்றம் திருத்தத்தின் அந்தப் பகுதி செல்லாது என்று சொல்லி 18 மாத அவகாசம் கொடுத்தது. மறுபடி கூட்டம் போட்டு, கேட்டு, 13ஆவது திருத்தமாக அதையே நிறைவேற்றினார்கள். முடிவு மாறவில்லை, மட்டட்டியேல் இன்றும் கிழக்கு கேப்பில்தான் இருக்கிறது. நீங்கள் சிரிக்கலாம். ஆனால் 1958இல் கேட்டோ மேனருக்கு யாராவது வந்து ஒரே ஒரு நாள் உட்கார்ந்து கேட்கும் கட்டாயம் இருந்திருந்தால் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். உங்கள் மனு செத்துப்போகவில்லை. 2016 தீர்ப்பின்படி, 2014க்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் போட்ட மனுக்கள் பதிவில் நிற்கும். பழைய மனுக்கள் முடிந்த பிறகோ, நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்ட பிறகோதான் எடுப்பார்கள். 25ஆம் பிரிவின் ஏழாவது உட்பிரிவு, 1913 ஜூன் 19க்குப் பிறகு இனவாதச் சட்டத்தால் நிலம் இழந்தவருக்கு மீட்பு அல்லது ஈடு உண்டு என்கிறது. 2021 மசோதா தோற்றதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமா இருக்கும்போதே அவர் வாயால் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்கள். நிலம் எங்கே, பக்கத்து வீட்டில் யார், எந்த வருடம் காலி செய்தார்கள், என்ன பணம் கொடுத்தார்கள். தாத்தா பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம்மவர் பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினான். ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பான். அதற்குத் தனியாக ஒரு பிரமாணம் வேண்டும்.

லெனேசியாக்காரன் | வியாழன், காலை 6.10

வழக்குப் போட்டவர்கள் யார் என்பது எனக்குத் தெரியாது ஐயா. நான் நினைத்தது வேறு. நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

மீதிப் பாதியை விடவில்லை. 1998லிருந்து காத்திருப்பவரின் மனுவை முடிக்க ஆளும் பணமும் ஒதுக்காமல், வரிசையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தி வைப்பது எந்த உரிமைக்கும் பாதுகாப்பு இல்லை. 2025 ஜனவரியில் அதிபர் ராமபோசா புது நில எடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வெறுமனே விலையேற்றத்துக்காகப் போட்டுவைத்திருக்கிற நிலம் போன்ற சில இடங்களில் ஈட்டுத்தொகை சுழியமாகவும் இருக்கலாம் என்கிறது, பொதுநலனும் நியாயமும் பார்த்து. ஆக, திருத்தாமலேயே 25ஆம் பிரிவுக்குள் இவ்வளவு செய்ய இடம் இருந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை வருடம் பிரிவின் மேல் பழி போட்டது எதற்கு?

மிட்ராண்ட் மதுரைக்காரன் | வியாழன், காலை 8.45

நானும் பிரிவைத்தான் குறை சொல்ல வந்தேன். அதில் ஈட்டுத்தொகையைக் கணக்கிடச் சந்தை விலை ஒன்று மட்டும் இல்லை, அந்த நிலம் எப்படிக் கைக்கு வந்தது என்ற வரலாற்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறது என்று நேற்று இரவுதான் படித்தேன். அது எனக்குப் புதுச் செய்தி.

மாமரத்தடி அக்கா, டர்பனுக்கு அடுத்த மாதம் வேலையாக வருகிறேன். காகிதங்களைப் படமெடுத்து ஒழுங்குபடுத்த ஆள் வேண்டுமென்றால் ஒரு நாள் வந்து உட்காருகிறேன்.

மாமரத்தடி | ஞாயிறு, மாலை 5.30

வகுப்பு முடிந்து நேராக மாமா வீட்டுக்குப் போனேன். பீரோவின் அடித்தட்டில், பாட்டியின் பட்டுப்புடவைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா. அதில் நகராட்சி வரி ரசீதுகள் பதினொன்று, மங்கிப்போன ஊதா முத்திரையோடு. குமாஸ்தா ஐயா சொன்னது அப்படியே. தாத்தாவின் பெயர் இரண்டு ரசீதில் ஒரு மாதிரி, ஏழில் இன்னொரு மாதிரி, மீதி இரண்டில் குடும்பப் பெயரே மாறியிருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாவற்றிலும் தமிழில்தான் எழுதியிருக்கிறார். சாய்வாக, அழுத்தி. அது மட்டும் எதிலும் மாறவில்லை.

மாமா பேசப் பேச நான் எழுதிக்கொண்டேன். மாமரம் கிணற்றுக்கு எந்தப் பக்கம் என்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம். இரண்டையும் எழுதியிருக்கிறேன். கோபம் போகவில்லை, ஐயா. ஆனால் பதினெட்டு வருடம் காத்திருந்தவர்களைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். 'அவங்களுக்கு முதல்ல கிடைக்கட்டும்' என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து, 'அதுக்கப்புறம் சீக்கிரம் வரச் சொல்லு' என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பிரமாணம் எடுக்கப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப்போகிறேன். மூலப் பிரதிகளைக் கையோடு கொண்டுபோக வேண்டுமா, நகல் போதுமா?

பழைய குமாஸ்தா | ஞாயிறு, மாலை 6.05

மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல்களை அங்கேயே மூலத்தோடு ஒப்பிட்டு முத்திரை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நகல். அந்தத் தமிழ்க் கையெழுத்து இருக்கும் ஓரம் நகலில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.